எசேனாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி

தபீதாளின் அம்மா இறந்தபோது அவருடைய பெரிய எழுத்து வேதப்புத்தகத்தை அவர் நெஞ்சின் மேல் வைத்தே பெட்டியை மூடிவிட்டார்கள். அதன் கறுப்பு ரெக்ஸின் உறை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஜிப் வைத்த உறை, முகப்பில் பொன் நிறத்தில் ஒரு சிலுவை. புத்தகம் இல்லாத உறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தூக்கிப் போடவும் மனம் வராது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அந்த இரண்டறை வீட்டில் இரண்டு வருஷமாக அந்த உறையும் தபீதாளும்தான் குடியிருந்தார்கள்.

நாற்பத்து மூன்று வயதில் கல்யாணமாகாத பெண்ணுக்கு ஊரே சொந்தம்தான், விசாரிக்கிற அளவுக்கு. உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "தபீதா, நல்லா இருக்கியா?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். பம்பாயில் இருக்கும் தம்பி எலியேசர் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவான். பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவள் ஸ்டெனோ. நாளெல்லாம் அவளிடம் அதிகம் பேசியவர் மேனேஜர் ராஜகோபாலன்தான். அந்தப் பேச்சும் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் இருக்கும் யாரோ ஒருவருக்கு எழுதச் சொன்ன கடிதம்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரேடியோவைப் போடுவாள். பாட்டு கேட்பதற்கு அல்ல. வீட்டில் ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டாம் வருஷம், மழைக்காலம் முடிகிற சமயம். ஆபீஸ் விட்டு ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நடைபாதைப் பழைய புத்தகக்காரரிடம் ஒரு தடிமனான ஆங்கில நாவலைப் பார்த்தாள். அட்டையில் முகமே இல்லாத ஒரு பெண் கையில் விளக்கோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் கொம்பு வைத்த ஒரு கறுப்பு நிழல். தபீதாள் இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் தொட்டதில்லை. ஆனால் தடிமன் அவளைப் பிடித்து இழுத்தது. இதைப் படித்து முடிக்க ஒரு மாதமாவது ஆகும், ஒரு மாதத்துச் சாயங்காலங்களுக்குக் கவலை இல்லை என்று வாங்கிவிட்டாள்.

ரயிலில் உட்கார்ந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது, அது மூன்று புத்தகங்களில் இரண்டாவது. மறுநாள் போய்க் கேட்டாள். "நடுவுல உள்ளது மட்டும்தாம்மா வந்துச்சி. மொதலும் கடைசியும் எங்க கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார் கடைக்காரர். தபீதாள் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அறுபது பக்கம் போயிருந்தாள்.

கதை இதுதான். ஒரு ராஜ்யம். அங்கே விடிவதே இல்லை. அந்த ஊரை ஆள்கிறவன் ஜனங்களின் நிழல்களைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். நிழல் போனவன் சாகமாட்டான்; ஆனால் பேச்சு போய்விடும், பசி போய்விடும், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். உப்பு காய்ச்சுகிறவன் மகள் எசேனா, தன் தம்பியின் நிழலை மீட்பதற்காக ஆழமான ஒரு படிக்கிணற்றில் இறங்குகிறாள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு காவல்காரன். ஒவ்வொருவனும் அவளிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டுதான் கீழே விடுவான். ஒருவன் அவள் பெயரை வாங்கிக்கொள்கிறான். இன்னொருவன் அவள் அம்மாவின் முகத்தை நினைவிலிருந்து எடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் தபீதாள் புத்தகத்தை மூடிவிட்டு ரயில் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு புத்தகத்தைக் காலை ரயிலில் பகிரங்கமாகப் படிக்க முடியாது. தாம்பரத்திலிருந்து கிளம்பும் காலை வண்டியின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ரத்தினபாய் அக்கா எதிர் சீட்டில் வருவார். அவர் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். சைதாப்பேட்டையில் அரசாங்க ஆபீஸில் வேலை. பிசாசின் தந்திரங்கள் எந்தெந்த வழியாக வீட்டுக்குள் நுழைகின்றன என்று போன மாதம்தான் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். சினிமாப் பத்திரிகைக்கே அந்தப் பட்டியலில் இடம் இருந்தபோது, கொம்பு வைத்த நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தபீதாள் அம்மாவின் கறுப்பு உறையை எடுத்து நாவலை உள்ளே நுழைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

மறுநாள் ரயிலில் ரத்தினபாய் அந்த உறையைப் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்து போனார். "அம்மா போனப்புறம் வேதத்துல நல்லா ஊன்றிட்ட தபீதா. சந்தோஷம்."

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். தலை நிறைய கனகாம்பரம், மடியில் டிபன் பாக்ஸ் வைத்த வயர் கூடை. தினமும் அதே வண்டியில் வருகிறவள்தான், ஆனால் பேசியதில்லை. "இன்னாக்கா, உங்க சாமி கதையா?" என்று கேட்டாள்.

எதிரே ரத்தினபாய் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தபீதாள் என்ன சொல்வாள்? "ம்" என்று தலையை ஆட்டினாள். ஒரே ஒரு தலையாட்டல். எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சைதாப்பேட்டையில் ரத்தினபாய் இறங்கியதும் அந்தப் பெண் நெருங்கி உட்கார்ந்தாள். "நான் தமிழ்ல எய்த்துக்கூட்டித்தான் படிப்பேன் அக்கா. இங்கிலீசு வராது. இன்னா போட்டுகீது அதுல, கொஞ்சம் சொல்லேன்." அவள் பெயர் புஷ்பம். பீர்க்கன்கரணையில் ஏரி ஓரம் வீடு. எழும்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை. டாக்டர் பிடுங்கிய பல்லைக் கழுவி வைப்பதிலிருந்து, பயந்து ஓடுகிற ஆட்களைப் பிடித்து உட்கார வைப்பது வரை எல்லாம் அவள்தான். தபீதாள் கொஞ்சம் சொன்னாள். எழும்பூர் வந்தபோது புஷ்பத்துக்கு இறங்கவே மனம் இல்லை. "நாளைக்கி மிச்சம்" என்று பிளாட்பாரத்திலிருந்து ஜன்னலைத் தட்டிவிட்டுப் போனாள்.

நாளைக்கு மிச்சம் என்று தபீதாளிடம் யாரும் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் படிக்கும் விதமே மாறிப்போனது. சாயங்காலம் வீட்டில் ரேடியோவைப் போடாமல், மறுநாள் சொல்லப்போகிற பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். காவல்காரனுக்கு ஒரு குரல், எசேனாவுக்கு ஒரு குரல். பக்கத்து வீட்டுத் தனக்கோடி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யாராச்சும் வந்துகீறாங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்று தபீதாள் கூசாமல் சொன்னாள்.

புஷ்பம் பீர்க்கன்கரணையிலிருந்து பஸ் பிடித்து முதலில் வந்துவிடுவாள். ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் போட்டு வைத்திருப்பாள். யாராவது அதில் உட்கார வந்தால், "எங்க அக்கா வராங்க, வேற எடம் பாரும்மா" என்று விரட்டிவிடுவாள். "எங்க அக்கா" என்ற அந்த வார்த்தை தபீதாளுக்குக் காது வழியாக இறங்கி வயிற்றில் போய்ச் சூடாக உட்காரும். சைதாப்பேட்டை வரைக்கும் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக வாயை மூடிக்கொண்டு வருவார்கள். ரத்தினபாய் இறங்கியதுதான் தாமதம், கிணறு திறந்துகொள்ளும்.

புஷ்பம் சும்மா கேட்கிறவள் இல்லை. நடு நடுவே சண்டை பிடிப்பாள். "பேரக் குடுத்துட்டு எறங்குறாளே, பைத்தியக்காரி! நாளைக்கி மேல வந்தா தம்பி இன்னான்னு கூப்பிடுவான்?" இல்லையென்றால், "அந்த ரெண்டாவது காவல்காரன் இருக்கான் பாரு, அவன் எங்க பெரியப்பா மாதிரியே கீறான்." எசேனா தம்பியின் நிழல் முதலில் எப்படிப் போனது, அவள் அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். அதெல்லாம் முதல் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். "அது தெரியாது புஷ்பம். இதுல இங்கிருந்துதான் ஆரம்பிக்குது" என்றாள்.

"பரவால்ல. சாமி விசயம்லாம் அப்டித்தான். எல்லாத்தயும் ஒடச்சிச் சொல்லமாட்டாங்க" என்று புஷ்பம் சமாதானம் செய்துகொண்டாள்.

அன்றைக்குத்தான் தபீதாளுக்குச் சுருக்கென்றது. இவள் இன்னும் இதை வேதம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்! சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். 'பொய்க் கதையையா இத்தனை நாள் சொன்னே?' என்று இவள் வேறு பக்கம் திரும்பிவிட்டால்? கர்ச்சீப் போட்ட சீட்டு போய்விடும், நாளைக்கு மிச்சம் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். நாளைக்கும் அப்படியே விட்டாள்.

புஷ்பத்தின் தம்பியைப் பற்றிப் பிறகு ஒருநாள் தெரிந்தது. ஜெயவேலு என்று பெயர், கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். அம்மா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து உட்கார்ந்தவன்தான். அதற்கப்புறம் எழுந்து வேலைக்குப் போகவில்லை. பேசவும் இல்லை. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த எசேனா தம்பி மாதிரியே, அக்கா. நெழலு போய்டுச்சி" என்றாள் புஷ்பம். "நீ காலீல சொல்றத நான் சாயங்காலம் அவனாண்ட சொல்றேன். சோறு போட்டுகினே சொல்லுவேன். மொதல்ல சும்மாதான் இருந்தான். நேத்து தலய மட்டும் திருப்பி என்னப் பாத்தான். எட்டு மாசத்துல மொதோ தபா." அவள் கண் கலங்கிவிட்டது. கனகாம்பரத் தலையைச் சாய்த்துத் தபீதாளின் தோளில் வைத்துக்கொண்டாள். "அந்த எசேனா அம்மாவ வேண்டிகினுகீறேன். அவன் ஒரு வார்த்த பேசட்டும், அவங்க கோயிலுக்கே வந்து மெழுவர்த்தி ஏத்துறேன்னு."

கோயிலா? எசேனா அம்மாவா? தபீதாள் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள். வேதத்தில் ஒரு எழுத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று மனப்பாடமாகத் தெரிந்தவள். இங்கே முழுசாக ஒரு சாமியையே கூட்டிவிட்டாள்! அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தோளில் இருந்த அந்தத் தலையின் கனம் அவ்வளவு சுகமாக இருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்திய நாளுக்குப் பிறகு இன்னொரு மனுஷியின் உடம்பு அவள் மேல் பட்டதே இல்லை. எழும்பூர் வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடுப்புத்தகம் என்பதே ஒரு கெட்ட ஜாதி. ஆரம்பத்தின் ஆசையும் அதில் இருக்காது, முடிவின் ஆறுதலும் இருக்காது. இருட்டுக்குள் கொண்டுபோய் நம்மை நிறுத்திவிட்டுப் போய்விடும். தபீதாள் கடைசி அத்தியாயத்தை மூன்று தடவை படித்தாள். எசேனா கடைசித் தளத்துக்கு வந்துவிட்டாள். கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை. கையில் இருந்த விளக்கையும் காவல்காரன் வாங்கி ஊதி அணைக்கிறான். மேலே எங்கேயோ ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் மூன்றாம் புத்தகத்துக்கான விளம்பரம்.

மூன்றாம் புத்தகத்துக்காக அவள் அலையாத இடம் இல்லை. மவுண்ட் ரோட்டின் பெரிய புத்தகக் கடையில் இருந்த பையன் புத்தகம் போட்ட கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இங்க வராது மேடம்" என்று சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை, வேறு வழியில்லாமல், கடைசி அத்தியாயத்தைச் சொன்னாள். வண்டி சேத்துப்பட்டைத் தாண்டும்போது விளக்கு அணைந்தது, கதவு மூடியது. புஷ்பம் மூச்சுவிடாமல் கேட்டாள்.

"அப்பறம்?"

"அப்புறம்..." தபீதாள் ஜிப்பை இழுத்து மூடினாள். "திங்கக்கிழமை சொல்றேன்."

"நல்ல எடமாப் பாத்து நிறுத்து. நான் போயி அவனாண்ட இன்னா சொல்லுவேன்?" என்று செல்லமாகத் திட்டிக்கொண்டே புஷ்பம் இறங்கினாள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தபீதாள் முடிவு செய்தாள். இந்தத் தடவை நிஜமாகவே செய்தாள். ஆனால் அதற்கு முன்னால் ஞாயிறு வந்துவிட்டது.

ஆராதனை முடிந்து பெண்கள் கும்பல் கும்பலாக வாசல் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். தபீதாள் எந்தக் கும்பலிலும் இல்லாமல் எல்லாக் கும்பலுக்கும் பக்கத்தில் நின்றாள். அது அவளுக்குப் பழக்கம்தான். கேட்டுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தாள். புஷ்பம்! சபை எங்கே இருக்கிறது என்று ஒருநாள் ரயிலில் கேட்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டி, புதுக் கனகாம்பரம் வைத்து, கையில் ஒரு மெழுகுவர்த்திப் பாக்கெட்டோடு, சுடுகிற மணலில் வெறுங்காலால் நடந்து வந்தாள். அவள் பிடியில் ஒரு இளைஞன். வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, எதையும் பார்க்காத கண்.

அவர்களை முதலில் போய் வரவேற்றவர் ரத்தினபாய். புது ஆத்துமாக்கள் என்றால் அவர் விடமாட்டார். "வாங்கம்மா, வாங்க. நம்ம டிரெயின்ல வர்றவங்கதானே? ஜெபத்துக்கு வந்தீங்களா?"

"வேண்டுதலும்மா. எசேனா அம்மாவுக்கு மெழுவர்த்தி ஏத்தணும். அவங்க படம் எங்க வச்சிகீறீங்க?"

"யாரு அம்மா?"

"எசேனா அம்மா. தம்பி நெழலத் தேடிகினு கெணத்துல எறங்குனாங்களே, அவங்க. எந்தம்பி வெள்ளிக்கெழம பேசிட்டாம்மா! வெளக்கு அணஞ்சிபோச்சின்னு சொல்லிட்டு நான் சோறு பெசஞ்சிகினு இருந்தேன். அப்பறம்னு கேட்டான். அவன் வாயால! அப்பறம்னு!" புஷ்பம் சிரித்தாள், அழுதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ரத்தினபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மற்ற கும்பல்களில் பேச்சு நின்று எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். "எங்க வேதத்துல அப்படி யாரும் இல்லையேம்மா. இதை யார் உங்களுக்குச் சொன்னது?"

"தோ, எங்க அக்காதான்" என்று புஷ்பம் பெருமையாகக் கை நீட்டினாள்.

ஒரு சபையே தபீதாளைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அத்தனை பேரும் சேர்ந்து அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கறுப்பு உறை அவள் கையில்தான் இருந்தது; ஞாயிற்றுக்கிழமைக்காக அவளுடைய சொந்த வேதப்புத்தகத்தை அதில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"தபீதா, இவங்க உனக்குப் பழக்கமா?" என்று ரத்தினபாய் கேட்டார்.

தபீதாளின் வாயில் எது முதலில் வந்ததோ அது வெளியே வந்தது. "டிரெயின்ல... பார்த்திருக்கேன்."

புஷ்பம் நீட்டிய கையை இறக்கினாள். தபீதாளின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவளுக்கு முகத்தைப் பார்த்து வலி எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியும். என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ, ரத்தினபாய் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னாள். "இல்லம்மா. நான்தான் எத்தயோ கேட்டு எத்தயோ கொயப்பிகினேன். அவங்க ஒண்ணும் சொல்லல. எடம் மாறி வந்துட்டேன்." தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குத் திரும்பி நடந்தாள். செருப்பை மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

"பாவம், கொஞ்சம் மனசு சரியில்லாதவ போல" என்றார் ரத்தினபாய். தபீதாள் குனிந்து உறையின் ஜிப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தபீதாள் நாவலை உறையிலிருந்து எடுத்து, அட்டை தெரியக் கையில் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் இல்லை. அவளே பக்கத்துச் சீட்டில் தன் கர்ச்சீப்பைப் போட்டாள். எதிரே வந்து உட்கார்ந்த ரத்தினபாய் கொம்பு வைத்த நிழலைப் பார்த்தார், தபீதாளைப் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பொண்ணுக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. நான்தான் இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். இதை அம்மாவோட உறைக்குள்ள வச்சுப் படிச்சேன். அவ வேதம்னு நெனச்சுட்டா. நான் இல்லைன்னு சொல்லலை" என்றாள் தபீதாள். ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. ரத்தினபாய் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

வண்டி கிளம்பியது. புஷ்பம் வரவில்லை. குரோம்பேட்டையில் ஏறிய ஒரு அம்மாள் கர்ச்சீப்பைக் காட்டி, "யாராவது வராங்களா?" என்று கேட்டாள். "வருவாங்க" என்றாள் தபீதாள். பல்லாவரத்தில் இன்னொருத்தி கேட்டாள். நின்றுகொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கிண்டியில் ஒரு காலேஜ் பெண் கர்ச்சீப்பை எடுத்துத் தபீதாளின் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் அப்படியே போனது. அடுத்த வாரமும் புஷ்பம் அந்தப் பெட்டிக்கு வரவில்லை. பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆளும் வரவில்லை. ஒருநாள் எழும்பூரில் பிளாட்பாரக் கூட்டத்தில் கனகாம்பரத் தலை ஒன்று முன்னால் போவதைப் பார்த்து, "புஷ்பம்!" என்று தபீதாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அது வேறு யாரோ. வீட்டுக்கு வந்து ரேடியோவைப் போட்டாள். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அவள் சோறு வைக்காமல் படுத்துவிட்டாள். தனிமை என்று முன்பு அவள் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிந்தது. ஆள் இல்லாத வீடு பழகிவிடும். ஆள் இருந்து, நம் வாயாலேயே துரத்திவிட்ட பிறகு, அந்த வீட்டுக்குள் எப்படி இருப்பது?

ரயில் சிநேகத்தில் ஒரு கஷ்டம் உண்டு. சர்க்கரை எவ்வளவு, மாமியார் எப்படி, எல்லாம் தெரிந்திருக்கும். வீட்டு விலாசம் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மணி அடிக்கிற நேரத்தில் தபீதாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறிப் பீர்க்கன்கரணையில் இறங்கினாள். ஏரிக்கரை டீக்கடையில், பல் டாக்டரிடம் வேலை செய்கிற புஷ்பம் வீடு எது என்று கேட்டாள்.

"ஊமையாட்டம் குந்திகினு இருப்பானே, அவன் வூடா? தோ, அந்த ஓட்டு வூடு."

கதவைத் திறந்த புஷ்பத்தின் கை முழுக்கச் சாம்பல். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "டிரெயின்ல பாத்தவங்கள வூடு தேடி வந்து பாக்குற பயக்கம் வேற கீதா?" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் புஷ்பம். அத்தனை பேர் முன்னாடி உன்னைத் தெரியாத மாதிரி பேசிட்டேன். அதுக்கு முன்னாடியே தப்பு பண்ணினேன்." தபீதாள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "இது சாமி புத்தகம் இல்லை. யாரோ எழுதின கதை. எசேனான்னு யாரும் இல்லை. சொன்னா நீ என்கூடப் பேசமாட்டேன்னு சொல்லாம இருந்துட்டேன். எனக்குப் பேச வேற ஆள் கிடையாது."

புஷ்பம் அட்டையைப் பார்த்தாள். சாம்பல் கையால் தொடாமல் குனிந்து பார்த்தாள். "மூஞ்சியே இல்லாத இவளயா நான் கும்புட்டேன்?" அப்படியே நிமிர்ந்தாள். "எம்மாம் பெரிய ஏமாளி ஆக்கிட்டே என்ன. எந்தம்பியையும் இட்டுகினு வந்து..." முடிக்காமல் திரும்பி, வீட்டுக்குள் புகுந்து, கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் பலமாகக் கேட்டது.

தபீதாள் நிலைப்படியிலேயே நின்றாள். உள்ளே கூடத்தில் ஜெயவேலு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மேலே சாமி மாடத்தில் அம்மன் படம், முருகன் படம், அவர்கள் அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம். அவற்றுக்குப் பக்கத்தில், எந்தப் படமும் இல்லாத காலி இடத்தில், எரிந்து கரைந்த ஒரு மெழுகுவர்த்தியின் அடி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சபையிலிருந்து திரும்பி வந்தும் ஏற்றியிருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். தபீதாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டோ என்னவோ, ஜெயவேலு மெதுவாகத் திரும்பினான். அவளைப் பார்த்தான். மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தான். உதடு இரண்டு மூன்று தடவை அசைந்த பிறகுதான் சத்தம் வந்தது.

"அப்பறம்?"

தபீதாள் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அதை எழுதியவன் எங்கேயோ, எந்த ஊரிலோ, தெரிந்து வைத்திருக்கிறான். கொல்லையில் பாத்திரங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவள் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"வெளக்கு அணைஞ்சு போச்சு. கதவும் மூடிட்டாங்க. எசேனா இருட்டுல நிக்கிறா" என்று ஆரம்பித்தாள். "அவகிட்ட பேர் இல்லை. அம்மா முகம் ஞாபகம் இல்லை. ஒண்ணுமே இல்லை. அப்போ, அந்த இருட்டுல, அவளுக்குப் பக்கத்துல யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது."

ஜெயவேலு சுவரை விட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"எசேனா கேக்கறா, யாரு அங்க? அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு குரல் சொல்லுது. நானும் உன்னை மாதிரிதான். ரொம்ப நாளா இங்க இருக்கேன். இப்படி வந்து உக்காரு, இடம் போட்டு வச்சிருக்கேன்."

கொல்லையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. புஷ்பம் உள்ளே வரவில்லை. தபீதாளும் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் கொல்லைவரை கேட்கும்படி கொஞ்சம் உயர்த்திக்கொண்டு மேலே சொன்னாள்.